மரக்கால் யார் கையில்?



ஓர் ஆலை வாயிற்கூட்டம். பேசி முடித்து மேடையைவிட்டு இறங்கினேன். நரைத்த தலை, எண்ணெய்க் கறை படிந்த கைகள், முப்பதாண்டுக் காலம் இயந்திரத்தோடு இயந்திரமாய் நின்று உழைத்த ஃபிட்டர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"தம்பி, எனக்கு ஒரு கணக்குப் புரியவில்லை. முந்தின வருஷம் மூன்று ஷிப்டும் ஓடியது. ஞாயிற்றுக்கிழமைகூட ஓவர்டைம். கிடங்கிலே சரக்குத் தங்கவில்லை. லாரி வரிசை ரோடு வரைக்கும் நின்றது. தீபாவளிக்குப் போனஸ் கேட்டோம். இலாபம் குறைவு என்றார்கள். போன வருஷம் பாதி நாள் மெஷின் சும்மா நின்றது. ஆனால் இலாபம் கூடிவிட்டது என்று பத்திரிகையிலே போட்டிருக்கிறார்கள். ஓடிய வருஷத்தில் குறைவு, நின்ற வருஷத்தில் அதிகம்! இது எந்த ஊர்க் கணக்கு?"

பெரியவரின் கேள்விக்கு அங்கேயே பதில் சொல்லிவிட முடியவில்லை. பஸ் ஏறி ஊர் திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வி என்னோடு வந்தது. இந்தக் கட்டுரை அவருக்கான பதில்; அவரைப்போல் கேட்க நினைத்துக் கேளாமலிருக்கும் அனைவருக்குமான பதில்.

வாரத்துக்கு உழுபவன் களத்திலே நிற்கிறான். நெல் அவன் கண்ணெதிரே அம்பாரமாய்க் குவிந்து கிடக்கிறது. பண்ணையாரின் ஆள் மரக்காலைப் பிடித்து அளக்கிறான். அளப்பதிலே சூது உண்டு. ஒருவனுக்குத் தலைதட்டி அளப்பதும், இன்னொருவனுக்குக் குவித்து அளப்பதும் உண்டு. ஆனாலும் அம்பாரம் கண்ணுக்குத் தெரிகிறது. "ஐயா, குவியல் இவ்வளவு பெரிதாக இருக்கிறதே, அளவு ஏன் குறைகிறது?" என்று கேட்க உழுதவனுக்கு ஒரு வாய்ப்பு உண்டு.

கம்பெனியின் களம் வேறு. அங்கே அம்பாரத்தைக் காட்டுவதில்லை. அளந்து முடித்தபின், எண் ஒன்றை அழகாக அச்சிட்டுக் கையிலே கொடுக்கிறார்கள். இதுதான் இலாபம், நம்பு என்கிறார்கள்.

நூலை நிறுக்கலாம். ரொக்கத்தை எண்ணலாம். இலாபத்தை நிறுக்கவும் முடியாது, எண்ணவும் முடியாது. அது மதிப்பிட்டுச் சொல்வது. மதிப்பீடு எங்கே நுழைகிறதோ, அங்கே மதிப்பிடுபவனின் விருப்பமும் பின்னாலேயே நுழைகிறது. எப்படி என்கிறீர்களா? மூன்று வழிகளைச் சொல்கிறேன்.

ஒன்று, தேய்மானம். ஒரு கோடி ரூபாய்க்கு இயந்திரம் வாங்குகிறார்கள். அது பத்து ஆண்டு உழைக்கும் என்று எழுதினால், ஆண்டுக்குப் பத்து இலட்சம் செலவு. இருபது ஆண்டு உழைக்கும் என்று எழுதினால் ஐந்து இலட்சந்தான். ஒரு கிலோ நூல் கூடுதலாக நூற்காமல், ஒரு தொழிலாளி கூடுதலாக வியர்வை சிந்தாமல், பேனா முனையிலே ஐந்து இலட்சம் இலாபம் பிறந்துவிடுகிறது! சட்டம் ஆயுளுக்கு ஓர் அளவு சொல்கிறது. காரணம் எழுதிவைத்து அதை மாற்றிக்கொள்ளவும் இடம் கொடுக்கிறது.

இரண்டு, ஒதுக்கீடு. கடனுக்கு விற்ற சரக்கிலே எவ்வளவு பணம் திரும்ப வராது? பழுதென்று திரும்பி வரும் சரக்கு எவ்வளவு? நடக்கும் வழக்கிலே தோற்றால் எவ்வளவு கட்ட நேரும்? இவற்றுக்கெல்லாம் முன்கூட்டியே ஒரு தொகையை ஒதுக்கிச் செலவென்று எழுதவேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நல்ல ஆண்டிலே வேண்டியதற்கு மேல் ஒதுக்கிவிட்டு, கெட்ட ஆண்டிலே "அவ்வளவு தேவைப்படவில்லை" என்று திரும்ப எடுத்து இலாபத்தோடு சேர்த்தால்? நம் வீட்டுப் பெண்கள் அடுக்குப்பானையிலே காசு மறைத்துவைப்பார்களே, அதே வித்தை. அமெரிக்காவில் இதற்குப் பிஸ்கெட் ஜாடி என்று பெயர். ஒரு வேறுபாடு உண்டு. அடுக்குப்பானைக் காசு குடும்பத்துக்காக மறைத்த காசு. இந்த ஜாடிக் காசோ, குடும்பத்திடமிருந்தே மறைத்த காசு!

மூன்று, தேதி. மார்ச்சு 31-ஆம் நாள் இரவு லாரி கிளம்பினால் இந்த ஆண்டு விற்பனை. ஏப்ரல் முதல் நாள் கிளம்பினால் அடுத்த ஆண்டு விற்பனை. லாரி ஒன்றுதான், சரக்கு ஒன்றுதான். இலாபம் மட்டும் வேலிதாண்டிக் குதிக்கிறது.

இனி, ஓர் ஆலையை எடுத்துக்கொள்வோம். மூன்று ஆண்டுகளில் அது உண்மையாகச் சம்பாதித்தது 10 கோடி, 2 கோடி, 9 கோடி. மொத்தம் 21 கோடி. முதல் ஆண்டிலே 4 கோடியை ஜாடிக்குள் தள்ளி 6 கோடி என்று காட்டுகிறார்கள். இரண்டாம் ஆண்டிலே ஜாடியிலிருந்து எடுத்து நிரப்பியும், அடுத்த ஆண்டு விற்பனையில் கொஞ்சத்தை முன்னுக்கு இழுத்தும் 7 கோடி என்கிறார்கள். மூன்றாம் ஆண்டிலே 8 கோடி. மொத்தம் அதே 21 கோடி. ஆனால் பத்திரிகையிலே என்ன வருகிறது? ஆறு, ஏழு, எட்டு. ஆண்டுக்கு ஆண்டு வளர்ச்சி, திறமையான நிருவாகம்! இதற்குத்தான் வருமானத்தைச் சமன்செய்தல் என்று பெயர். பெரியவரே, உங்கள் ஆலையிலும் இதுதான் நடந்தது என்று நான் சொல்ல முடியாது. கணக்கைப் பார்க்காமல் எவரும் சொல்ல முடியாது. ஆனால் ஓடிய ஆண்டில் இலாபம் குறைவதும், நின்ற ஆண்டில் கூடுவதும் இப்படியும் நடக்கும்.

"மொத்தம் ஒன்றுதானே, யாருக்கு என்ன நட்டம்?" என்று கேட்பார்கள். நட்டம் உண்டு. பத்துக் கோடி வந்த ஆண்டிலே ஆறு கோடி என்று நம்பி ஊதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டானே, அந்தச் சங்கச் செயலாளருக்கு நட்டம். அந்த ஆண்டோடு ஓய்வுபெற்றுப் போனவருக்கு நட்டம். தொழில் சரிவது தெரியாமல் ஏழு கோடியைப் பார்த்துச் சேமிப்பைப் பங்கிலே போட்ட பள்ளி ஆசிரியருக்கு நட்டம். பள்ளத்தின் மேலே தழைபோட்டு மூடிய பாதை பார்வைக்குச் சமமாகத்தான் இருக்கும். நடந்து போகிறவன் காலல்லவா முறியும்!

யாருக்கு இதனால் ஆதாயம்? பங்குச் சந்தை ஏணிப்படிபோல் ஏறும் எண்ணை விரும்புகிறது. மேலதிகாரிகளின் ஊக்கத்தொகை அந்த எண்ணோடு கட்டப்பட்டிருக்கிறது. அமெரிக்காவிலே ஃபேன்னி மே என்ற மாபெரும் வீட்டுக்கடன் நிறுவனம். 1998-ல் எழுதியிருக்க வேண்டிய செலவிலே 20 கோடி டாலரை அடுத்து வரும் ஆண்டுகளுக்குத் தள்ளிவைத்தது. தள்ளிவைத்தபின் ஒரு பங்குக்கான வருமானம் 3 டாலர் 23 சென்ட் என்று வந்தது. மேலதிகாரிகளுக்கு முழு ஊக்கத்தொகை கிடைக்கத் தேவைப்பட்ட எண் எது? அதே 3 டாலர் 23 சென்ட்! ஒரு சென்ட்கூடக் குறையவில்லை. அரசின் கண்காணிப்பு அலுவலகம் இதை அம்பலமாக்கியபின், 2006-ல் அந்த நிறுவனம் 40 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. தொழிலாளியின் போனஸ் என்றால் கணக்குச் சுருங்குகிறது. அதிகாரியின் போனஸ் என்றால் கணக்கு நெட்டி நிமிர்ந்து நிற்கிறது!

இன்னொரு கதை. இதைத் தொழிலாளர் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

சன்பீம் என்பது மின்போர்வை, மிக்சர், இறைச்சி சுடும் அடுப்பு முதலிய வீட்டுச் சாமான்கள் செய்த அமெரிக்கக் கம்பெனி. 1996 சூலையில் ஆல்பர்ட் டன்லப் என்பவர் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். போன இடமெல்லாம் ஆட்குறைப்புச் செய்தவர். மரமறுக்கும் ரம்பம் என்றே அவருக்குப் பட்டப்பெயர். அவர் வருகிறார் என்ற செய்தி கேட்டு ஒரே நாளில் பங்கு விலை ஏறத்தாழப் பாதியளவு ஏறியது. அந்த நவம்பரிலே அறிவிப்பு வந்தது: 12,000 தொழிலாளரில் பாதிப்பேர் வேண்டாம், 26 தொழிற்சாலைகளில் 8 மட்டும் போதும்.

6,000 குடும்பங்களின் அடுப்பு அணைந்தது. கம்பெனியின் கணக்கிலோ வேறொரு சமையல் தொடங்கியது. ஆலை மூடும் செலவு, ஆட்குறைப்புச் செலவு என்று 1996 கணக்கிலே செலவுகளைக் கொட்டிக் குவித்து, 22 கோடி டாலருக்கு மேல் நட்டம் காட்டினார்கள். பழி பழைய நிருவாகத்தின் தலையிலே விழுமல்லவா? ஒரே முழுக்காய் முழுகி எழுந்துவிட்டால் அடுத்த ஆண்டு உடம்பு பளபளக்கும் என்பது கணக்கு. இதை நாம் தலைமுழுக்கு என்போம். அந்த முழுக்கிலே வேண்டியதற்கு மேல் ஒதுக்கி ஜாடியில் மறைத்தது 3.5 கோடி டாலர் என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் பின்னர்க் குற்றம் சாட்டியது.

1997 பிறந்தது. ஜாடி திறந்தது. மறைத்த பணம் இலாபமாய்க் கசிந்தது. அதுவும் போதவில்லை. கோடைக்காலத்தில் விற்கவேண்டிய அடுப்புகளைக் குளிர்காலத்திலேயே கடைக்காரர்களுக்குத் தள்ளுபடி விலையில் விற்றதாக எழுதினார்கள். சரக்கு நகரவில்லை, பணம் வரவில்லை. கிடங்கிலே அடுப்பு, கணக்கிலே விற்பனை! 1997-ல் 18.9 கோடி டாலர் வருமானம், வரலாறு காணாத சாதனை என்று பறை சாற்றினார்கள். அதிலே குறைந்தது 6 கோடி டாலர் பொய்க் கணக்கிலே பிறந்தது என்றது ஆணையம்.

அடுத்த ஆண்டு விற்பனையை இந்த ஆண்டே எழுதிவிட்டால், அடுத்த ஆண்டு எதை எழுதுவது? 1998 முதல் காலாண்டிலே விற்பனை சரிந்தது. சூனிலே பாரன்ஸ் என்ற பொருளாதார வார ஏடு கணக்கைப் பிரித்துப் பார்த்துக் கேள்வி எழுப்பியது. அதே மாதம் டன்லப் வெளியேற்றப்பட்டார். 2001 பிப்ரவரியில் கம்பெனி திவால் மனுப் போட்டது. 2002-ல் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் டன்லப் 5 இலட்சம் டாலர் அபராதம் கட்டினார்; பங்குதாரர் வழக்கிலே 1.5 கோடி டாலர் கொடுத்தார். இனி எந்தப் பொதுக் கம்பெனியிலும் பதவி வகிப்பதில்லை என்று இசைந்தார். பங்குதாரருக்கு ஏதோ திரும்பக் கிடைத்தது. வேலையிழந்த அந்த 6,000 பேருக்கு என்ன திரும்பக் கிடைத்தது? ஆட்குறைப்பு அவர்களுக்கு வாழ்க்கை. கம்பெனிக்கோ அது கணக்கிலே ஒரு வரி. இலாபத்தை ஒளித்துவைக்க ஒரு பானை!

இன்னொன்றையும் மறவாதீர்கள். சன்பீமின் 1996, 1997 கணக்குகள் ஆடிட் செய்யப்பட்டவை. உலகப் புகழ்பெற்ற ஆர்தர் ஆண்டர்சன் நிறுவனம் கையெழுத்துப் போட்டது. பிறகு பங்குதாரருக்கு 11 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டதும் அதே நிறுவனந்தான்.

"அது அமெரிக்கா, நம் நாட்டிலே நடக்குமா?" என்கிறீர்களா? 2009 சனவரி 7. ஐதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத்தின் தலைவர் இராமலிங்க ராஜு தாமே கடிதம் கொடுத்தார். கணக்கிலே காட்டிய ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் உண்மையில் இல்லை என்றார். 2008 செப்டம்பரோடு முடிந்த காலாண்டுக்குச் செயல்பாட்டு இலாபம் 649 கோடி என்று காட்டியிருந்தார்கள். உண்மை 61 கோடி! எப்படி வந்தது இந்த மலை? முதலிலே சிறிய இடைவெளிதான், ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்துவிட்டது என்று அவரே எழுதினார். அங்கேயும் ஆடிட்டர் உண்டு: பிரைஸ் வாட்டர்ஹவுஸ். சமன்செய்யத் தொடங்குகிறவன் எல்லோரும் மோசடிக்காரன் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சிறு பள்ளத்தை மறைக்கப் போட்ட முதல் கூடை மண், அடுத்த ஆண்டு இரண்டு கூடை கேட்கும். அதுதான் இதன் இயல்பு.

பேனாவோடு மட்டும் இது நின்றுவிடுவதில்லை. அமெரிக்கப் பேராசிரியர்கள் மூவர் 401 நிதி அதிகாரிகளைக் கேட்டு 2005-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். குறித்த இலாப எண்ணை எட்டுவதற்காக ஆராய்ச்சி, விளம்பரம், பராமரிப்பு ஆகிய செலவுகளை வெட்டுவோம் என்றவர்கள் 80 விழுக்காடு. எண் ஏற்ற இறக்கமில்லாமல் சமனாக இருப்பதற்காகக் கம்பெனியின் உண்மையான மதிப்பையே கொஞ்சம் விட்டுக்கொடுப்போம் என்றவர்கள் 78 விழுக்காடு. பராமரிப்பு என்றால் என்ன தோழர்களே? தேய்ந்த பெல்ட்டை மாற்றுவது, பாய்லரைச் சோதிப்பது, இயந்திரத்தின் வாயிலே விரல் போகாமல் காக்கும் தடுப்பைச் சரிசெய்வது. காலாண்டு எண் அழகாக வரவேண்டும் என்று அங்கே ஒருவர் ஒரு வரியை அடித்தால், இங்கே ஒருவரின் விரலுக்கு ஆபத்து.

இனி போனஸுக்கு வருவோம். 1965-ல் வந்த போனஸ் சட்டம், பின்னர் வந்த திருத்தத்தோடு, குறைந்தது 8.33 விழுக்காடு, மிகுந்தது 20 விழுக்காடு என்று எல்லை வகுத்தது. இலாபம் வந்தாலும் வராவிட்டாலும் கீழ் எல்லை உண்டு. மேலே உள்ளதெல்லாம் இலாபக் கணக்கைப் பொறுத்தது. 8.33-க்கும் 20-க்கும் இடையிலே உள்ள தூரந்தான் நம் வீட்டுத் தீபாவளி. அந்தத் தூரத்தை அளப்பது கம்பெனியின் மரக்கால்.

அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் மரக்காலின் சூது தெரிந்தவர்கள். கம்பெனி தன் விருப்பப்படி எழுதிய தேய்மானத்தைத் திரும்பக் கூட்டச் சொன்னார்கள். வருமானவரிச் சட்டம் ஒப்புக்கொள்ளும் தேய்மானத்தையே கழிக்கச் சொன்னார்கள். இலாபத்திலிருந்து எடுத்து வைத்த ரிசர்வுகளையும் திரும்பக் கூட்டச் சொன்னார்கள். ஆடிட் செய்த கணக்கைச் சரியென்று கொள்ளலாம் என்றார்கள். ஆனால் அதே மூச்சிலே, பாலன்ஸ் ஷீட்டின் எந்த வரிக்கும் விளக்கம் வேண்டுமெனத் தொழிற்சங்கம் மனுச் செய்யலாம், அது தேவையென்று கண்டால் கம்பெனி விளக்கம் தர ஆணையிடலாம் என்றும் எழுதினார்கள்.

2019-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத்தொகுப்பு அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்திருக்கிறது. 8.33, 20 என்ற எல்லைகள் அப்படியே இருக்கின்றன. ஆனால் இதன் வாசகத்தைக் கேளுங்கள்: கம்பெனிகளின் ஆடிட் செய்த கணக்கைச் சாதாரணமாகக் கேள்விக்கு உள்ளாக்கக் கூடாதாம். போனஸ் அளவிலே தகராறு வந்தால் அதிகாரி பாலன்ஸ் ஷீட்டைக் கேட்டு வாங்கலாமாம். ஆனால் அதிலுள்ள விவரத்தை முதலாளி இசைந்தாலொழிய வெளியிடக் கூடாதாம்!

ஆடிட் செய்த கணக்கா? சன்பீமும் ஆடிட் செய்த கணக்குத்தான். சத்யமும் ஆடிட் செய்த கணக்குத்தான். சன்பீமிலே ஓர் ஏடு கேள்வி கேட்ட பிறகும், சத்யத்திலே தலைவரே ஒப்புக்கொண்ட பிறகுந்தானே உண்மை வெளிப்பட்டது! கேள்வியைச் சட்டத்தாலே சுருக்கிவிட்டு, கணக்கை மட்டும் நம்பு என்றால், அது "எங்கப்பன் குதிருக்குள் இல்லை" என்ற கதையாகத்தான் முடியும்.

நல்ல ஆண்டில் சேர்த்து, கெட்ட ஆண்டில் எடுத்துக்கொள்வதே குற்றமா? இல்லை. நாமே அதைச் செய்கிறோம். போனஸ் சட்டமும் செய்கிறது. 20 விழுக்காடு போக மிஞ்சியதை நான்கு ஆண்டு வரை முன்னெடுத்துச் சென்று குறைந்த ஆண்டிலே சேர்க்கும் ஏற்பாடு அதிலே உண்டு. அதுவும் சமன்செய்தல்தான். ஆனால் விதி எழுதியிருக்கிறது, பதிவேடு இருக்கிறது, எவ்வளவு போயிற்று, எவ்வளவு வந்தது என்று சொல்ல முடிகிறது. வெளிச்சத்திலே சேமித்தால் அது முன்யோசனை. இருட்டிலே சேமித்தால் அது ஒளிப்பு. நம் சண்டை சேமிப்போடு அல்ல, இருட்டோடு!

ஆகவே சங்கச் செயலாளர்களே, பேச்சுவார்த்தைக்குப் போகுமுன் கணக்கோடு போங்கள். பங்குச் சந்தையிலே பட்டியலிடப்பட்ட கம்பெனியானால் அதன் ஆண்டறிக்கையும் காலாண்டுக் கணக்கும் எவருக்கும் கிடைக்கும். ஒரு பங்கு வைத்திருப்பவனும் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குப் போய்க் கேள்வி கேட்கலாம். ஒரே ஆண்டு அறிக்கையைப் பார்க்காதீர்கள். ஐந்தாண்டு அறிக்கையை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒதுக்கீடுகள் ஆண்டுத் தொடக்கத்தில் எவ்வளவு, முடிவில் எவ்வளவு, பயன்படுத்தாமல் திரும்ப எடுத்தது எவ்வளவு? இயந்திரத்தின் ஆயுளைத் திடீரென மாற்றினார்களா? இலாபம் ஏறும்போது கைக்கு வந்த ரொக்கமும் ஏறுகிறதா? விற்பனை கொஞ்சம் கூட, வரவேண்டிய பாக்கி மட்டும் மளமளவென்று கூடுகிறதா? ஒருமுறைச் செலவு என்ற வரி ஆண்டுதோறும் வருகிறதா? கணக்கு தெரிந்த நம் பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களை ஒரு மாலைப்பொழுது சங்க அலுவலகத்துக்கு அழையுங்கள்.

கணக்கு என்பது சிலர் மட்டும் ஓதவேண்டிய மறை அல்ல. கூட்டல் கழித்தல் தெரிந்த எவனும் கேட்கலாம்.

பெரியவரே! ஓடிய ஆண்டில் இலாபம் குறைவு, நின்ற ஆண்டில் அதிகம். இது எந்த ஊர்க் கணக்கு என்று கேட்டீர்கள். அம்பாரத்தை மறைத்துவைத்து அளக்கும் எல்லா ஊர்களிலும் நடக்கிற கணக்கு இது. மரக்கால் அவர்கள் கையிலே இருக்கிறது. அது நம் கைக்கு வரும் நாள் எப்போதோ, நானறியேன். ஆனால் அளக்கும்போது களத்திலே நிற்கும் உரிமை நமக்கு வேண்டும். அம்பாரத்தைக் காட்டு என்று கேளுங்கள். தனியாகக் கேட்டால் அது முணுமுணுப்பு. சங்கமாகக் கேட்டால் பதில் சொல்லியே ஆகவேண்டும்!